சாளையை எடுத்துவிட்டேன்

இன்று காலை ஐந்தேகாலுக்கு மீனவர் சங்கத்தின் இணையப் பக்கம் புதுக் கருவி வழியாக முதல்முறை மாறியது. திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஓடி, கடைசியில் பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று ஒரு சொல் வந்து நின்றது. அவ்வளவுதான். நான் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குக் கீழே 'சாளை கரை சேந்துட்டு' என்று ஒரு வரி வரவேண்டும். ஆறு வருடம் அந்த வரியைப் பார்த்துப் பழகிய கண். இனி வராது என்று எனக்குத் தெரியாதா? எடுத்தவளே நான்தானே.

உன் சாளையை எடுத்துவிட்டேன், ஏட்டி. அதை உன்னிடம் சொல்லவேண்டும். எடுக்கிற சாக்கில் இஸ்திரியை என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நேரில் சொல்லியிருந்தால் நீ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருப்பாய். அதைப் பார்க்க முடியவில்லையே என்பதில்தான் இந்த வாரம் முழுக்க எனக்கு ஆத்திரம்.

வடசேரியில் ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் நம் அலுவலகம். ஏழு பேர். பள்ளிக்கூடம், பல் டாக்டர், நகைக்கடை என்று யார் கேட்டாலும் இணையதளம் செய்து கொடுப்போம். நீ கடற்கரையிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் சுசீந்திரத்திலிருந்து வருவேன். மானேஜருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்தது நீதான். சட்டை கசங்கிவிடும் என்று நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிற மனிதனை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களில் ஒரு பக்கத்தில் ஒரு வரியை மாற்றினாலும் கோப்புகளை ஒவ்வொன்றாக நாம் கையால்தான் சர்வருக்கு ஏற்றவேண்டும். ஓணத் தள்ளுபடிக்கு நான் ஒரு கோப்பை விட்டுவிட்டேன். ஜவுளிக்கடையின் இணையப் பக்கத்தில் போன வருடத் தள்ளுபடி இரண்டு நாள் ஓடியது. இஸ்திரி என்னை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துப் பேசினான். நீ உன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது வாரம் ஒரு சிறிய கருவியை எழுதிக்கொண்டு வந்தாய். நாம் கோப்பை மாற்றிச் சேமித்தால் போதும், அதுவே சரிபார்த்து, அதுவே பக்கத்தைக் கட்டி, அதுவே சர்வரில் கொண்டுபோய் வைக்கும்.

"பேரு என்ன வைக்கப்போற?" என்று கேட்டேன்.

"சாளை."

"சாளை மீனா? நாறாதா ஏட்டி?"

"நாறணும். கெட்டுப்போனா ஊருக்கே தெரியணும்லா."

அதற்காகத்தான் அதில் அந்த ஏற்பாட்டைச் செய்தாய். ஏற்றும்போது எங்காவது தட்டினால் சாளை உடனே பொறுப்பானவருக்கு மெயில் அனுப்பிவிடும். பொறுப்பானவர் யார் என்று கேட்டதற்கு இஸ்திரி தன் பெயரைப் போடச் சொன்னான். "மானேஜர் நான்தான" என்றான்.

உங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் வேலை வந்தபோது நீ எப்படித் துள்ளினாய்! விடியலுக்கு முன்னால் செயலாளர் தன் போனில் காற்றும் அலையும் பற்றிய அறிவிப்பைத் தட்டினால், இரண்டு நிமிடத்தில் சாளை அதைச் சங்கத்தின் பக்கத்தில் வைத்துவிடும். வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வள்ளம் கடலில் இறங்கும். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'இயக்குவது சாளை' என்றும், அதை ஒட்டி உன் பெயரும் இருந்தது. உன் அம்மா மீன் விற்கிற சந்தையில் அந்த வரியை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினாளாம். "கண்ணாடி போட்டுப் பாருங்கோ, எனக்க மவ பேரு" என்று.

அந்தக் காலையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், வரிசையாக. ஏனென்றால் அதை வரிசையாக அறிந்தவள் நான் ஒருத்திதான். உனக்கே பாதிதான் தெரியும்.

அன்று அதிகாலை செயலாளர் பலத்த காற்று என்று தட்டினார். பக்கம் மாறவில்லை. முந்தின நாளின் 'கடல் அமைதி' அப்படியே நின்றது. அதை நம்பி மூன்று வள்ளம் இறங்கியது. காற்று பிடித்ததும் திரும்பிவிட்டார்கள், ஆனால் கரைக்கு வரும்போது உங்கள் தெரு சூசை அண்ணனின் கால் வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியது. கால் இன்றைக்கும் நேராகவில்லை.

மதியத்துக்குள் இஸ்திரி சங்கத்துக்குப் போய்விட்டான். "அந்தப் பிள்ளை எழுதின டூல் பெயில் ஆயிட்டு. நாங்க அதை இன்னைக்கே தூக்கிட்டோம்" என்றான். உன்னைக் கூப்பிட்டு, 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்கினான். அந்தத் தாள் சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. உன் சொந்தத் தெருவில், உன் அம்மா தினமும் நடந்து போகிற வழியில். மறுநாள் உனக்கு வேலையும் இல்லை.

நடந்தது இதுதான். முந்தின நாள் மாலை இஸ்திரி சர்வரின் கடவுச்சாவியை மாற்றியிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சாளை பழைய சாவியோடு போய்க் கதவைத் தட்டியது, கதவு திறக்கவில்லை. அது நீ சொல்லிக்கொடுத்தபடியே நாறியது: நாலு ஐம்பதுக்கு அவனுக்கு மெயில் அனுப்பியது. அதிலிருந்த இணைப்பை அவன் திறந்தது பத்தரை மணிக்கு. இயந்திரம் தான் செய்ததையெல்லாம் நிமிடம் போட்டு எழுதிவைக்குமே, அந்த லாக்கில் இது முழுக்க இருந்தது. சாவியை மாற்றியவன் பெயர் சர்வரின் பதிவில் இருந்தது. சங்கத்திலிருந்து போன் வந்ததுமே, எட்டு மணிக்கே, உன் அனுமதியை அவன் நீக்கிவிட்டதால் உன்னால் பார்க்க முடியவில்லை. என்னால் முடிந்தது. பதினோரு மணிக்குப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய்.

"லாக் பாத்தியா ஏட்டி? எங்க தப்புன்னு எனக்குப் புரியல்ல."

என் மேசைக்கு எதிரே இஸ்திரி நின்றுகொண்டிருந்தான். பத்து நிமிடத்துக்கு முன்புதான் சொல்லியிருந்தான்: "உனக்குக் கல்யாணம் வருதுல்லா. இந்த நேரத்தில வேலையைக் கெடுத்துக்காத."

"பாக்கல்ல மக்கா," என்றேன். "எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லுதாவ."

நீ சரி என்று வைத்துவிட்டாய். அன்று இரவே லாக்கையும் சர்வரின் பதிவையும் இரண்டு தாளில் அச்செடுத்து, வீட்டு அலமாரியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன். எடுத்து வைக்கத் தெரிந்த எனக்குக் கொண்டுவந்து காட்டத் தெரியவில்லை.

சாவியை இஸ்திரி மறுநாளே சரிசெய்தான். சாளை மறுபடியும் ஓடத் தொடங்கியது. தூக்கிவிட்டோம் என்றானே, தூக்கவே இல்லை. பக்கத்தின் அடியில் இருந்த அந்த வரியையும் உன் பெயரையும் மட்டும்தான் எடுத்தான். உன்னை வெளியே அனுப்பிவிட்டு, நீ எழுதியதை நான்கு வருடம் ஓட்டித் தின்றான். பல் டாக்டர், நகைக்கடை, உங்கள் சங்கம், எல்லாம் சாளையில்தான் ஓடியது. ஒவ்வொரு காலையும் 'சாளை கரை சேந்துட்டு' என்று அது என் திரையில் எழுதும். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

மஞ்சள்காமாலை முற்றி நீ போனபோது உங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். குழியில் ஒரு பிடி மண் போட்டேன். பக்கத்தில் நம் அலுவலகத்தின் பெயர் எழுதிய ஒரு பெரிய மலர்வளையம் சாய்த்து வைத்திருந்தது. ரிப்பன்கூட மடிப்புக் கலையாமல் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்குள் ஒன்று கெட்டியானது. இவனை விடக்கூடாது என்று அங்கேயே நினைத்தேன். நினைத்தேனே தவிர இரண்டு வருடம் ஒன்றும் செய்யவில்லை.

வழியைக் காட்டியதும் சாளைதான். உன்னை வேலையிலிருந்து அனுப்பிய பிறகு அதைத் தொட ஆளில்லை. அது ஓடுகிற அடித்தளம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வந்தது: இந்தக் கருவியை யாரும் பராமரிக்கவில்லை, பழைய பதிப்பு சீக்கிரம் நிறுத்தப்படும் என்று. பிறகு சிவப்பாயிற்று. இன்னும் சில வாரத்தில் சாளை மொத்தமாக நின்றுவிடும் என்ற நிலை வந்ததும் இஸ்திரி என்னைக் கூப்பிட்டான்.

"அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போடு. கஸ்டமர் யாருக்கும் தெரியாண்டாம். நாலு வருசம் முன்னாலயே மாத்தியாச்சுன்னுதான் நான் சொல்லியிருக்கேன்."

சரி சார் என்றேன். அந்தச் சரியை நான் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் முழுக்க இன்னொரு யோசனையும் ஓடியது. மாற்றாமலே விட்டால் என்ன? எல்லாப் பக்கமும் ஒரே காலையில் செத்துப்போகும், அவன் தெருவில் நிற்பான். ஆனால் அந்த எல்லாப் பக்கத்திலும் உங்கள் சங்கத்தின் பக்கமும் ஒன்று. இன்னொரு சூசை அண்ணனைப் பாறையில் மாட்டவைத்துத்தான் நான் பழி தீர்க்கவேண்டுமா? வேலையை ஒழுங்காகச் செய்தேன். பலபேர் சேர்ந்து பராமரிக்கிற ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு தளத்துக்கும் முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பார்த்து, அது சரியாக வந்தபிறகு சாளையை நிறுத்தினேன். வேண்டுமென்றே தவறான சாவியைக் கொடுத்து, புதியதும் உடனே கத்துகிறதா என்று பார்த்தேன். இந்த முறை மெயில் ஒருவருக்குப் போகாது, மூன்று பேருக்குப் போகும். செயலாளரின் போனுக்கும் போகும்.

சாளைக்காக நீ எழுதிய நிரலை, நாம் 'கோடு' என்போமே அதை, வரிவரியாக மறுபடியும் படிக்கவேண்டியிருந்தது. நடுவில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடுகிறவள் சுசீந்திரத்துக்காரியாக இருந்தால், முதலில் டெஸ்ட் ஓட்டவும்.' ஓட்டினேன், ஏட்டி. சிரிப்பும் வந்தது, பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மற்ற தளங்களையெல்லாம் சத்தமில்லாமல் மாற்றிவிட முடிந்தது. சங்கத்தை மட்டும் முடியாது. புதுக் கருவியில் செயலாளர் அறிவிப்பைத் தட்டுகிற முறையே வேறு. நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்தபிறகு, சங்கக் கட்டடத்தில் கூட்டம். இஸ்திரி தானும் வருவேன் என்றான். சங்கத்துக்காரர்கள் முன்னால் நின்று பேசுவதென்றால் அவனுக்குப் பிடிக்கும். புதுச் சட்டை. நான் பையில் அந்த இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு போனேன்.

நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். சூசை அண்ணன் கம்பை முட்டியில் சாய்த்து முன்வரிசையில். உன் அம்மா கதவோரமாகப் பெண்களோடு. இஸ்திரி புது சிஸ்டம், அதிவேகம், பாதுகாப்பு என்று அடுக்கிக்கொண்டே போனான். செயலாளர் கையைத் தூக்கினார்.

"நாலு வருசம் முன்னால அந்தப் பிள்ளைக்க டூலை மாத்தியாச்சுன்னு சொன்னியளே. இப்பம் மறுபடியும் எதுக்கு மாத்தணும்?"

"டெக்னாலஜி மாறிட்டே இருக்கும் சார். அது வேற, இது வேற."

நான் எழுந்தேன். "வேற இல்ல. அந்தப் பிள்ளைக்க டூல்தான் இன்னைக்கு வரைக்கும் உங்களுக்கு ஓடுது. ஒரு நாளும் அதை மாத்தல்ல. அவளுக்க பேரைத்தான் எடுத்தாவ."

இஸ்திரி என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னான்: "வேலை வேண்டாமா உனக்கு?"

நான் சத்தமாகச் சொன்னேன்: "சார் கேக்காரு, எனக்கு வேலை வேண்டாமான்னு. வேண்டாம் சார்."

கூட்டம் அசைந்தது. நான் தாளை விரித்தேன். சூசை அண்ணன் கையை நீட்டி, "எனக்கு வாசிக்கத் தெரியும், இங்க கொண்டா" என்றார். ஆங்கிலத்தில் இருந்ததற்குப் பக்கத்தில் நான் தமிழில் எழுதிவைத்திருந்தேன். அவர் எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். மாலை ஆறு பத்து, சாவி மாற்றப்பட்டது. மாற்றியவர் பெயர். காலை நாலு ஐம்பது, சாவி ஏற்கப்படவில்லை, பக்கம் மாறவில்லை, மெயில் அனுப்பப்பட்டது.

"மெயில் யாருக்குப் போயிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"சாருக்கு."

"சார் எப்பம் பாத்தாரு?"

"பத்தரைக்கு."

சூசை அண்ணன் தாளை மடக்கினார். "எனக்க காலு ஆறரைக்கே போச்சு சார்."

இஸ்திரி கதவைப் பார்த்தான். கதவில் உன் அம்மா நின்றாள். அவள் கத்தவில்லை. உள்ளே வந்து, ஒரு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்க மவ எழுதின காயிதம் அந்தப் பலகையில ஆறு மாசம் இருந்துது. நான் தெனமும் பாத்துட்டுத்தான் கடந்துபோனேன். இப்பம் நீங்க எழுதுங்கோ."

அவன் பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன். 'சில தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கினான். "இல்ல சார், 'நான் மாற்றினேன்'னு எழுதுங்க" என்றேன். அடித்துவிட்டு எழுதினான். 'சொல்ல மறந்து' என்று எழுதினான். "மறந்து இல்ல, மறைச்சு" என்றேன். அதையும் அடித்து எழுதினான். அவன் முதுகில் வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மின்விசிறியின் சுவிட்ச் எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் போடவில்லை, ஏட்டி. அவன் கையெழுத்துப் போடும்வரை போடவில்லை. செயலாளர் அந்தத் தாளைப் பலகையின் நடுவில் ஒட்டினார்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன்: என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக இருந்த அரை மணி நேரம் வேறொன்று இல்லை. அவன் தனியாகக் காருக்கு நடந்துபோனபோது நான் வாசலில் வந்து நின்று, கார் திரும்பும்வரை பார்த்தேன். எனக்கு வேலை போய்விட்டது. சங்கம் தன் பக்கத்தை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. நேற்று வடசேரி பஸ்ஸ்டாண்டில் இஸ்திரி எதிரே வந்தான். அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதிலும் எனக்குத் திருப்தி.

ஆனால் அந்த ஞாயிறு அதோடு முடியவில்லை. அம்மா என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்துவந்தாள். மீன் வெட்டி உரமேறிய கையால் என் கையைப் பிடித்திருந்தாள். நிறுத்தம் நெருங்கியபோது கேட்டாள்.

"அந்தத் தாளு உனக்க கையில எப்பம் கெடச்சுது மக்களே?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"அண்ணைக்கே அம்மா. அண்ணைக்குப் பதினோரு மணிக்கே."

அவள் நின்றுவிட்டாள். "அவ உன்கிட்ட கேட்டாளா?"

"கேட்டா."

"நீ?"

"பாக்கல்லன்னு சொன்னேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பஸ் வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை, பஸ் போய்விட்டது. பிறகு அவள் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போ அவ சொன்னா, எனக்க கோடுலதான் எங்கயோ தப்பு இருக்கணும், கண்டுபிடிக்க முடியல்லன்னு. கடைசி வரைக்கும் விரலால போர்வையில என்னத்தையோ எழுதிட்டே கெடந்தா. தேடிட்டே போயிட்டா."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

"அழுதா தீராது. அவன் எழுதினான்லா, நீயும் எழுது. பலகையில ஒட்டாண்டாம். அவளுக்கு எழுது. எழுதி வந்து எனக்கு வாசி."

அதனால்தான் எழுதுகிறேன். உன் கோடில் தப்பில்லை, ஏட்டி. ஒவ்வொரு வரியும் பார்த்தேன். சாளை கெட்டுப்போகவே இல்லை.

நாளை மறுநாள் ஞாயிறு. இதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். இஸ்திரி வியர்த்த இடத்தில் அம்மா ஒருவேளை சிரிப்பாள். அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாலும் வாசிப்பேன்; அவனுக்குச் செய்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, அவனை மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் போனில் நான் உனக்குச் சொன்ன அந்தப் பதிலும் இதில் இருக்கிறது. அந்த இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாமல் வாசிக்கவேண்டும். இன்று காலையிலிருந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.